உடைத்துப் பார்த்துக் கண்ட மரபணுக்கள்: ஈஸ்ட் தன் குரோமோசோம்களை நகலெடுக்கும் விதம்

"டிஎன்ஏ தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும்" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் பள்ளியைத் தாண்டி வந்தவர்கள் குறைவு. அதற்குத் துணையாக இன்னொரு வாக்கியமும் உலவுகிறது: "இந்த மரபணுதான் அதைக் கட்டுப்படுத்துகிறது." இரண்டும் முழுப் பொய் இல்லை. ஆனால் இரண்டையும் சொல்லுக்குச் சொல் நம்பினால், செல்லுக்குள் நடப்பது கடைசிவரை விளங்காது.

முதலாவதைப் பார்ப்போம். புத்தகம் தானாக நகலாவதில்லை, யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். தூய டிஎன்ஏவை ஒரு குழாயில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும், ஒன்று இரண்டாகாது. நகலெடுப்பவை புரதங்கள்.

இரண்டாவதில் உள்ள கோளாறு கொஞ்சம் மறைவானது. "கட்டுப்படுத்துகிறது" என்றதுமே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உத்தரவு போடும் ஓர் அதிகாரி நம் மனதில் வந்துவிடுகிறார். செல்லில் அப்படி ஒரு மேசை கிடையாது. இருப்பவை எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டும் தடுத்துக்கொண்டும் வேலை செய்யும் பாகங்கள். எந்தப் பாகம் எப்போது கைக்குக் கிடைக்கிறது, எப்போது கிடைப்பதில்லை என்பதைத்தான் நாம் பெரும்பாலும் "கட்டுப்பாடு" என்கிறோம். இதைத் தெளிவாகக் காட்டிக்கொடுத்த உயிர் ஈஸ்ட்.

## முதலில் சில சொற்கள்

டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட நீண்ட இழை. இரண்டு இழைகள் எதிரெதிராகப் பிணைந்திருக்கும். ஒன்றில் ஏ இருந்தால் எதிரில் டி, ஒன்றில் ஜி இருந்தால் எதிரில் சி. ஆகவே ஓர் இழை கையில் இருந்தால் மற்றதை எழுதிவிடலாம். நகலெடுப்பு முடிகிற காரியமாக இருப்பதே இதனால்தான்.

அந்த இரட்டை இழை புரதங்களோடு சேர்த்துச் சுருட்டி வைக்கப்பட்ட ஒவ்வொரு கட்டும் ஒரு குரோமோசோம். அதில் ஒரு பொருளைச் செய்வதற்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதி மரபணு. பெரும்பாலான மரபணுக்களுக்கு அந்தப் பொருள் ஒரு புரதம். "மரபணு வேலை செய்கிறது" என்று சொல்வதெல்லாம் சுருக்கப் பேச்சு. வேலை செய்வது அதிலிருந்து பிறக்கும் புரதம்.

டிஎன்ஏ ஒன்று இரண்டாவதைப் பாடநூல்கள் "இரட்டிப்பாதல்" என்கின்றன. "படியெடுத்தல்" என்பது டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதப்படும் வேறொரு வேலை. பேச்சில் இரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் நகலெடுப்பு என்று வருவதெல்லாம் இரட்டிப்பாதலைத்தான்.

## ஏன் ஈஸ்ட்?

ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட்டின் முழுப் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ஒற்றைச் செல் உயிர்தான். ஆனால் பாக்டீரியாவைப் போலன்றி, நம்முடைய செல்லைப் போல உட்கரு உள்ளது. ஒரு தொகுதியாக எண்ணினால் 16 குரோமோசோம்கள், சுமார் 1.2 கோடி எழுத்துகள், ஏறக்குறைய 6000 மரபணுக்கள். உட்கரு உள்ள உயிர்களில் முதன்முதலாக முழு டிஎன்ஏவும் படித்து முடிக்கப்பட்டது இதற்குத்தான், 1996-இல்.

இன்னொரு வசதி, இது மொட்டு விட்டு வளரும். தாய்ச் செல்லின் ஓரத்தில் ஒரு சிறு மொட்டு தோன்றும், பெரிதாகும், பிரிந்து தனிச் செல்லாகும். மொட்டின் அளவைப் பார்த்தாலே செல் தன் வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஊகித்துவிடலாம். கடிகார முள் வெளியே தெரிகிற மாதிரி. இந்த ஒரு தற்செயல் இல்லாவிட்டால் அடுத்துச் சொல்லப்போகும் கதை இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

## ஃப்யூஸைப் பிடுங்குவது

பெயர் எழுதாத நாற்பது ஃப்யூஸ்கள் உள்ள ஒரு பலகையைப் பழுது பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வோம்? ஒன்றைப் பிடுங்கிவிட்டு எது அணைகிறது என்று பார்ப்போம். மாடி இருட்டானால் அந்த ஃப்யூஸின் மேல் "மாடி இருட்டு" என்று ஒரு சீட்டு ஒட்டுவோம். அந்தச் சீட்டு உண்மைதான். ஆனால் ஃப்யூஸ் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று அது சொல்லவில்லை. ஃப்யூஸ் இல்லாதபோது என்ன கெட்டது என்பதை மட்டும் சொல்கிறது.

ஈஸ்ட் மரபணுப் பெயர்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சீட்டுகள். மூன்று எழுத்தும் ஓர் எண்ணும். இது புரியாததால்தான் பாதிக் குழப்பம்.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் சியாட்டிலில் லீலண்ட் ஹார்ட்வெல் இந்த வேலையைத் தொடங்கினார். ஒரு தடை இருந்தது. செல் பிரிவதற்கு அவசியமான மரபணுவைக் கெடுத்தால் செல் பெருகாது. பெருகாத செல்லை வைத்து ஆராய முடியாது. அவர் பிடித்த வழி, வெப்பத்துக்கு மட்டும் கெடுகிற மரபணுக்கள். 23 டிகிரி செல்சியஸில் புரதம் ஒழுங்காக வேலை செய்யும், 36 டிகிரிக்கு ஏற்றினால் குலைந்துபோகும். குளிரில் வளர்த்துக்கொண்டு, வேண்டும்போது சூட்டில் வைத்து ஃப்யூஸைப் பிடுங்கலாம்.

சூட்டில் வைத்தபோது சில வகைச் செல்கள் எல்லாம் ஒரே கோலத்தில் நின்றுபோயின. ஒரு வகையில் எந்தச் செல்லிலும் மொட்டே இல்லை. இன்னொரு வகையில் எல்லாச் செல்லிலும் பெரிய மொட்டு, ஆனால் பிரியவில்லை. அதாவது, அந்த மரபணு குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் தேவைப்படுகிறது. இவற்றுக்கு அவர் வைத்த பெயர் சிடிசி, "செல் பகுப்புச் சுழற்சி" என்பதன் சுருக்கம். சிடிசி28 கெட்டால் செல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். சிடிசி9 கெட்டால் நகலெடுத்த டிஎன்ஏ துண்டுகள் ஒட்டப்படாமல் கிடக்கும். இந்தப் பணிக்காக 2001-இல் பால் நர்ஸ், டிம் ஹன்ட் ஆகியோரோடு ஹார்ட்வெல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெயர்களின் லட்சணத்துக்கு ஒரு சான்று. நர்ஸ் வேறொரு வகை ஈஸ்ட்டில் தனியாகத் தேடினார், அவரும் எண் போட்டார். அவருடைய சிடிசி2-வும் ஹார்ட்வெலின் சிடிசி28-உம் ஒரே மரபணுவின் இரு வடிவங்கள். ஹார்ட்வெலின் சிடிசி2-வோ டிஎன்ஏ எழுதும் நொதி ஒன்றுக்கான மரபணு. ஒரே பெயர், இரண்டு ஈஸ்ட், சம்பந்தமே இல்லாத இரண்டு வேலைகள். மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதில் வியப்பில்லை.

இதுவரை பார்த்தது: மரபணுவைக் கெடுத்து, எது நிற்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள். பெயர் விளைவைச் சொல்கிறது. வேலையைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

## தொலைந்துபோகும் சிறு வட்டம்

இன்னொரு வழியில் வந்தவர்கள் மரபணுவை விட்டுவிட்டு டிஎன்ஏவிலிருந்தே தொடங்கினார்கள். ஒரு குரோமோசோம் உயிர்வாழ குறைந்தபட்சம் என்ன தேவை?

பிளாஸ்மிட் என்பது வட்ட வடிவச் சிறு டிஎன்ஏ. சும்மா ஒரு வட்டத்தை ஈஸ்ட்டுக்குள் போட்டால் அது நகலாகாது, சில தலைமுறையில் காணாமல் போய்விடும். 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ரொனால்ட் டேவிஸின் ஆய்வகத்தார், ஈஸ்ட் டிஎன்ஏவின் சில துண்டுகளை வட்டத்தில் சேர்த்தால் அது நகலாகத் தொடங்குவதைக் கண்டார்கள். அந்தத் துண்டுகளுக்கு ஏஆர்எஸ் என்று பெயர், "தன்னிச்சையாக இரட்டிக்கும் தொடர்". இதுவும் விளைவைச் சொல்லும் பெயர்தான். அது தன்னிச்சையாக எதையும் செய்வதில்லை. நகலெடுக்கும் புரதங்கள் வந்து அமரும் இடம் அது. தொடக்கப் புள்ளி என்று அழைத்தால் தெளிவு.

ஆனால் ஒரு வேடிக்கை. தொடக்கப் புள்ளி மட்டும் உள்ள வட்டங்கள் நன்றாக நகலாகியும் தொடர்ந்து தொலைந்துகொண்டே இருந்தன. காரணம், நகலான வட்டங்கள் தாய்ச் செல்லிலேயே தங்கிவிட்டன, மகள் செல்லுக்குப் போய்ச் சேரவில்லை. நகலெடுப்பது ஒரு வேலை, பங்கிடுவது வேறு வேலை. பங்கிடுவதற்குத் தேவையான துண்டை 1980-இல் லூயிஸ் கிளார்க்கும் ஜான் கார்பனும் பிரித்தெடுத்தார்கள். அதுதான் சென்ட்ரோமியர், குரோமோசோமை இழுத்துச் செல்லும் கயிறு மாட்டும் கொக்கி. மனிதனில் லட்சக்கணக்கான எழுத்துகள் பிடிக்கும் இந்தக் கொக்கி ஈஸ்ட்டில் சுமார் 125 எழுத்துகளில் முடிந்துவிடுகிறது.

தொடக்கப் புள்ளியும் சென்ட்ரோமியரும் உள்ள வட்டம் கிட்டத்தட்ட ஒரு குட்டிக் குரோமோசோம் போலவே நடந்துகொள்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் எம்சி. இந்தக் குட்டியைத் தொலைக்கிற ஈஸ்ட் வகைகளைத் தேடினார் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிக்-குவூன் டை. 1984-இல் அவருடைய குழு வெளியிட்ட பட்டியலிலிருந்துதான் எம்சிஎம் என்ற பெயர் வந்தது, "குட்டிக் குரோமோசோம் பராமரிப்பு".

அவர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. குட்டிக் குரோமோசோமில் இருந்த தொடக்கப் புள்ளியை எடுத்துவிட்டு, ஈஸ்ட்டின் வேறோர் இடத்துத் தொடக்கப் புள்ளியை வைத்தார்கள். சில வகைச் செல்கள் முதல் வட்டத்தைத் தொலைத்தன, இரண்டாவதைப் பத்திரமாக வைத்துக்கொண்டன. கோளாறு பங்கிடுவதில் என்றால் தொடக்கப் புள்ளியை மாற்றுவதால் எதுவும் மாறக் கூடாது. ஆகவே கோளாறு நகலெடுப்பைத் தொடங்குவதில்தான். வட்டத்தில் ஒரு சிறு துண்டை மாற்றியே இவ்வளவு தெரிந்துகொண்டார்கள்.

பிறகு நடந்ததுதான் சுவாரசியம். ஹார்ட்வெல் வழியில் பிடிபட்ட சிடிசி46-ஐ எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தால் அது எம்சிஎம்5. சிடிசி47 என்பது எம்சிஎம்7. சிடிசி54 என்பது எம்சிஎம்4. ஒருவர் "செல் நின்றுவிட்டது" என்று சீட்டு ஒட்டிய அதே ஃப்யூஸில் இன்னொருவர் "வட்டம் தொலைகிறது" என்று ஒட்டியிருந்தார். எம்சிஎம்2 முதல் 7 வரை ஆறும் சேர்ந்து ஒரே வளையமாக அமைகின்றன. இந்த வளையம்தான் இரட்டை இழையைப் பிரித்துத் திறக்கும் கருவி, பெயர் ஹெலிகேஸ். ஜிப்பின் ஓடி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், மூடுவதற்குப் பதிலாகத் திறந்துகொண்டே போகும் ஓடி. எம்சிஎம்1 மட்டும் இந்தக் குடும்பமே இல்லை. அது மற்ற மரபணுக்களைப் படிக்கச் செய்யும் புரதம். அதைக் கெடுத்தாலும் வட்டம் தொலைந்ததால் அதே சீட்டு அதன் மேலும் ஒட்டிக்கொண்டது.

## ஏன் இத்தனை தொடக்கப் புள்ளிகள்?

சின்னக் கணக்கு. 10 லட்சம் எழுத்து நீளமுள்ள குரோமோசோம் ஒன்று. நகலெடுக்கும் இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 2000 எழுத்து நகர்கிறது. சரியாக நடுவில் தொடங்கி இரு பக்கமும் போனால்கூட, பக்கத்துக்கு 5 லட்சம், ஆக 250 நிமிடம். நான்கு மணி நேரத்துக்கும் மேல். ஆனால் நல்ல ஊட்டம் கிடைத்தால் ஈஸ்ட் செல் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பிரிகிறது. அதில் டிஎன்ஏ நகலெடுப்புக்கு ஒதுக்குவது அரை மணி அளவுதான். ஆகவே பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஈஸ்ட்டில் அப்படிச் சுமார் 400 இடங்கள் உள்ளன. பெரிய புத்தகத்தைப் பிரித்து நானூறு பேரிடம் கொடுப்பது போல.

நானூறு பேரிடம் கொடுத்தால் வேகம் வரும், கூடவே ஒரு தலைவலியும் வரும். ஒருவர் தன் பக்கத்தை முடித்துவிட்டு, முடித்தது மறந்து இன்னொரு முறை எழுதத் தொடங்கினால்? செல்லில் அது நடந்தால் குரோமோசோமின் ஒரு பகுதி மட்டும் இரண்டு, மூன்று மடங்காகும், இழைகள் சிக்கி முறியும். எந்தப் பகுதியும் விடுபடவும் கூடாது, எதுவும் இரண்டாம் முறை நகலாகவும் கூடாது. மேற்பார்வையாளர் யாரும் இல்லாமல் இதை எப்படிச் சாதிப்பது?

## கவுன்டரும் கதவும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ஓர் அரங்கை நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கவுன்டர் ஒன்று, நுழைவுக் கதவு ஒன்று. விதி ஒன்றுதான்: கவுன்டர் திறந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். கதவு திறந்தால் கவுன்டர் மூடப்படும். டிக்கெட்டை உள்ளே நுழையும்போதே கிழித்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் யாரும் ஒரே காட்சிக்கு இரண்டு முறை நுழைய முடியாது. யாரையும் யாரும் கண்காணிக்கவும் தேவையில்லை.

ஈஸ்ட்டில் டிக்கெட் என்பது எம்சிஎம் வளையம். செல் பிரிந்து முடிந்த பிறகு, அடுத்த நகலெடுப்புக்கு முன்பு ஓர் இடைவேளை உண்டு. அப்போது கவுன்டர் திறக்கும். தொடக்கப் புள்ளிகளில் ஓஆர்சி என்ற ஆறு புரதக் கூட்டு ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. ஓஆர்சியை 1992-இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஸ்டீபன் பெல், ப்ரூஸ் ஸ்டில்மன் இருவரும் கண்டுபிடித்தார்கள். அதோடு சிடிசி6 என்ற புரதம் சேர்கிறது. சிடிடி1 என்ற இன்னொன்று எம்சிஎம் வளையத்தைக் கூட்டிவருகிறது. வளையம் திறந்து, இரட்டை இழையைச் சுற்றி மாட்டி, மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு வளையங்கள், முகத்தோடு முகம் ஒட்டியபடி. மாட்டியதோடு சரி, இன்னும் ஓடத் தொடங்கவில்லை. இந்த நிலையைத் துறையினர் "உரிமம் பெற்றது" என்கிறார்கள்.

கதவைத் திறப்பது எது? கைனேஸ் என்பது பிற புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற சிறு அடையாளத்தை ஒட்டும் நொதி. சிடிசி28 அப்படி ஒரு கைனேஸ். இடைவேளையில் அதன் வேகம் அடங்கியிருக்கும், பிறகு ஏறும். ஏறியதும் அது வேறு சில புரதங்களில் பாஸ்பேட் ஒட்டுகிறது. சிடிசி7 என்ற இன்னொரு கைனேஸ் எம்சிஎம் வளையத்தின் மேலேயே ஒட்டுகிறது. இரண்டும் நடந்த பின் சிடிசி45 என்ற புரதமும் ஜின்ஸ் என்ற கூட்டும் வளையத்தோடு சேர்கின்றன. ஜோடி வளையங்கள் பிரிகின்றன, ஒவ்வொன்றும் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் ஓடத் தொடங்குகின்றன. ஜின்ஸ் என்ற பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் வைத்தது. அதிலுள்ள நான்கு புரதங்களின் எண்களான 5, 1, 2, 3 ஆகியவற்றுக்கான ஜப்பானியச் சொற்களின் முதலெழுத்துகள்.

இங்கேதான் அழகு. கதவைத் திறந்த அதே சிடிசி28, அதே நேரத்தில் கவுன்டரை மூடுகிறது. அதுவும் மூன்று வழிகளில். சிடிசி6-ஐ அழிவுக்கு அனுப்புகிறது. தளர்வாக இருக்கும் எம்சிஎம் புரதங்களை உட்கருவிலிருந்து வெளியேற்றுகிறது. ஓஆர்சியின் மேலும் பாஸ்பேட் ஒட்டி அதை முடக்குகிறது. 2001-இல் ஜோக்கிம் லீயின் ஆய்வகம் இந்த மூன்று பூட்டுகளையும் சேர்த்து உடைத்துப் பார்த்தது. அப்போது செல் ஏற்கெனவே நகலெடுத்த டிஎன்ஏவை மறுபடியும் நகலெடுக்கத் தொடங்கியது.

செல் பிரிந்து முடியும்போது சிடிசி28-இன் வேகம் சரிகிறது. கவுன்டர் மறுபடி திறக்கிறது. அடுத்த சுற்று.

சரி, டிக்கெட் வாங்கியும் நுழையாத புள்ளிகள் என்ன ஆகும்? உரிமம் பெற்ற எல்லாப் புள்ளிகளும் பயன்படுவதில்லை. பக்கத்துப் புள்ளியிலிருந்து வரும் இயந்திரம் ஓடாத வளையத்தைத் தள்ளிவிட்டுப் போகிறது. டிக்கெட் செல்லாததாகிவிடும், அந்தப் பகுதியும் ஒரே முறைதான் நகலாகும். வழியில் இயந்திரம் எங்காவது சிக்கி நின்றால் மட்டும் இந்தக் காத்திருப்புப் பட்டியல் கைகொடுக்கிறது.

சுருக்கிச் சொன்னால்: வளையம் மாட்டுவது ஒரு நேரம், ஓடுவது இன்னொரு நேரம். இரண்டையும் பிரித்து வைப்பது ஒரே கைனேஸின் ஏற்ற இறக்கம். "சிடிசி28 நகலெடுப்பைக் கட்டுப்படுத்துகிறது" என்று படிக்கும்போது அதன் பொருள் இவ்வளவுதான், இவ்வளவும்தான்.

2015-இல் ஜான் டிஃப்லியின் ஆய்வகம் இந்தப் புரதங்களை ஒவ்வொன்றாகத் தூய்மைப்படுத்தி ஒரு குழாயில் சேர்த்து, செல்லே இல்லாமல் நகலெடுப்பைத் தொடங்கிக் காட்டியது. சேர்க்க வேண்டியிருந்தவை 16 காரணிகள், அவற்றுக்குள் 42 புரதச் சங்கிலிகள். "டிஎன்ஏ தன்னைத்தானே" என்று யாராவது தொடங்கினால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

## எழுதும் வேலை

இழைகள் பிரிந்த பின் எழுதுபவை பாலிமரேஸ் என்ற நொதிகள். அவை ஒரு திசையில் மட்டுமே எழுதும். இழைகளோ எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அதனால் ஓர் இழை நிற்காமல் எழுதப்படுகிறது. மற்றது துண்டு துண்டாகப் பின்னோக்கி எழுதப்பட்டு, பிறகு ஒட்டப்படுகிறது. ஒட்டும் நொதிதான் முன்பு பார்த்த சிடிசி9. பிழை திருத்தமும் கூடவே நடக்கிறது. 1.2 கோடி எழுத்துகளை எழுதி முடித்தும், சில நூறு செல் பிரிவுகளுக்கு ஒரு முறைதான் ஓர் எழுத்து தவறாகத் தங்குகிறது.

## ஓரத்தில் வரும் சிக்கல்

பாலிமரேஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. வெறும் இழையில் முதல் எழுத்தை அது எழுதாது. ஏற்கெனவே எழுதிய ஒரு சிறு அடியில் கால் ஊன்றித்தான் தொடரும். அந்த அடி ஆர்என்ஏவால் தற்காலிகமாகப் போடப்பட்டு, பிறகு அகற்றப்படுகிறது. நடுவில் என்றால் அந்த இடத்தைப் பக்கத்திலிருந்து நிரப்பிவிடலாம். குரோமோசோமின் நுனியில்? தரைக்கு வர்ணம் பூசுபவர் கடைசியில் தான் நிற்கும் மூலையை என்ன செய்வார்? அந்த மூலை விடுபட்டுவிடும். அடுத்த நகலில் இன்னும் கொஞ்சம். நுனி தேய்ந்துகொண்டே போகும்.

நுனியில் உள்ள பகுதிக்கு டீலோமியர் என்று பெயர். ஈஸ்ட்டில் அது டி, ஜி எழுத்துகள் மாறி மாறி வரும் சுமார் 300 எழுத்து நீளம். தேய்ந்ததை மறுபடி நீட்டும் நொதி டீலோமரேஸ். 1989-இல் விக்கி லண்ட்பிளாட், ஜாக் சோஸ்டாக் இருவரும் ஒரு மரபணுவைக் கண்டார்கள். அதைக் கெடுத்தால் செல் உடனே சாகவில்லை. நன்றாக வளர்ந்தது, பெருகியது. ஆனால் டீலோமியர் தலைமுறைக்குத் தலைமுறை குறுகியது. ஐம்பது, நூறு தலைமுறைக்குப் பிறகு பெரும்பாலான செல்கள் நின்றுபோயின. வைத்த பெயர் இஎஸ்டி1, "எப்போதும் குறுகும் டீலோமியர்கள்". வேலையை மறைத்து விளைவைச் சொல்லும் பெயர்களில் இதைவிட வெளிப்படையானது கிடையாது. சோஸ்டாக் 2009-இல் எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர் ஆகியோரோடு நோபல் பரிசு பெற்றார்.

## சரிபாதியாகப் பங்கிடுவது

நகல் தயார். இப்போது தாய்க்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. ஜோடிக் காலணிகளை நூலால் பிணைத்து வைப்பார்களே, அது போல இரண்டு நகல்களும் நகலெடுக்கப்படும்போதே ஒரு புரத வளையத்தால் பிணைக்கப்படுகின்றன. இதன் பெயர் கொஹீசின். இரு பக்கக் கயிறுகளும் சரியாக மாட்டிய பிறகு செப்பரேஸ் என்ற நொதி வளையத்தை வெட்டும், நகல்கள் பிரியும். கொஹீசினில் உள்ள எஸ்எம்சி1 என்ற மரபணுவும் குட்டிக் குரோமோசோம் தொலைவதைப் பார்த்துத்தான் முதலில் பிடிபட்டது. எஸ்எம்சி என்பதே "குட்டிக் குரோமோசோம்களின் நிலைத்தன்மை". எம்சிஎம், எஸ்எம்சி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சீட்டு. ஒன்று இழையைத் திறக்கும் கருவி, மற்றது நகல்களைப் பிணைக்கும் வளையம். குட்டிக் குரோமோசோம் தொலைந்தது என்றால் நகலாகாததாலும் இருக்கலாம், பங்கிடப்படாததாலும் இருக்கலாம் அல்லவா?

தொலைவதை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். நிறத்தால்தான். ஏடிஇ2 என்ற மரபணு கெட்ட ஈஸ்ட்டில் ஒரு சிவப்புப் பொருள் சேரும். அதைத் தடுக்கும் ஒரு மரபணுவைக் குட்டிக் குரோமோசோமில் வைப்பார்கள். குட்டி இருந்தால் வெள்ளை, தொலைந்தால் சிவப்பு. ஒரு செல் பெருகித் தட்டில் பொட்டு போன்ற ஒரு கூட்டமாகும். இடையில் ஒரு செல் குட்டியைத் தொலைத்தால் அதன் வாரிசுகள் எல்லாம் சிவப்பு. வெள்ளைப் பொட்டில் ஓர் ஆப்பு போலச் சிவப்பு விழும். ஆப்பு பெரிதென்றால் சீக்கிரமே தொலைத்திருக்கிறது. பாதிக்குப் பாதி என்றால் முதல் பிரிவிலேயே. நுண்ணோக்கி தேவையில்லை, வெறுங்கண் போதும். இப்படி எண்ணிப் பார்த்ததில் ஈஸ்ட்டின் சொந்தக் குரோமோசோம் சுமார் 1 லட்சம் பிரிவுகளுக்கு ஒரு முறைதான் தொலைகிறது. செயற்கைச் சிறு வட்டமோ நூற்றுக்கு ஒன்று அளவில்.

## நிறுத்திவைக்கும் மரபணு

நடுவில் டிஎன்ஏ முறிந்தால் செல் பிரிவதை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கிறது. 1988-இல் டெட் வைனர்ட்டும் ஹார்ட்வெலும் ஆராய்ந்த ராட்9 கெட்ட செல்கள், எக்ஸ் கதிர் பட்ட பிறகும் நிற்காமல் பிரிந்து செத்தன. ராட்9 பழுது பார்க்கும் மரபணு என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். அவர்கள் ஒரு மருந்தால் அந்தச் செல்களை வேண்டுமென்றே சில மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். பலவும் பிழைத்துக்கொண்டன. அதாவது பழுது பார்க்கும் திறன் அவற்றிடம் முன்பே இருந்தது, இல்லாதது அவகாசம். ராட்9 செய்வது அவகாசம் வாங்கிக்கொடுப்பது. இத்தகைய ஏற்பாட்டுக்குச் "சோதனைச் சாவடி" என்ற பெயர் நிலைத்தது.

## மனிதனில் ஒட்டிய சீட்டு

ஓஆர்சி, சிடிசி6, சிடிடி1, எம்சிஎம்2 முதல் 7 வரை, கொஹீசின், எல்லாம் நம் செல்களிலும் உள்ளன. தொடக்கப் புள்ளியின் எழுத்துத் தொடர் மட்டும் ஈஸ்ட்டைப் போல நம்மிடம் திட்டவட்டமாக இல்லை. 2011-இல் மெய்யர்-கார்லின் நோய்க்கூட்டு என்ற அரிய பிறவிக் குறைபாட்டுக்கு ஓஆர்சி1, ஓஆர்சி4, ஓஆர்சி6, சிடிசி6, சிடிடி1 ஆகிய மரபணுக்களில் ஏற்படும் மாற்றங்கள் காரணம் என்று தெரியவந்தது. அந்தக் குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள், காதுகள் சிறியவை, முழங்கால் சில்லு சிறியதாகவோ இல்லாமலோ இருக்கும். செல்கள் பெருகும் வேகம் குறைந்தால் உடலின் அளவு குறையும் என்பது இப்போதைய விளக்கம்.

பிரிகிற செல்லில் எம்சிஎம் புரதம் நிறைய இருக்கும், ஓய்ந்த செல்லில் இருக்காது. அதனால் கட்டியிலிருந்து வெட்டியெடுத்த திசுவில் எவை பெருகிக்கொண்டிருக்கின்றன என்று பார்க்க எம்சிஎம்2-க்குச் சாயம் ஏற்றும் முறை உண்டு. கண்ணாடித் தகட்டில் பழுப்பாகத் தெரியும் உட்கருக்களை எண்ணி, நோயியல் மருத்துவர் அறிக்கையில் "குட்டிக் குரோமோசோம் பராமரிப்பு" என்பதன் சுருக்கத்தை எழுதுகிறார். அந்தத் திசுவில் குட்டிக் குரோமோசோம் ஒன்றுகூட இல்லை.